தொலைந்த மௌனப்படத்தைத் தேடுவது எப்படி: ‘கீசக வதம்’ வழியாக ஒரு கையேடு

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் ‘கீசக வதம்’. எடுத்தவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். கர்சன் பிரபுவைப் படம் பிடித்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா வேலை கற்றுக்கொண்டு, சென்னை புரசைவாக்கத்தில் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா பிலிம் கம்பெனி என்று ஸ்டுடியோ போட்டார். மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதில் வடிகட்டி வரும் வெயிலில்தான் படப்பிடிப்பு. 35 நாளில், 35,000 ரூபாயில் முடிந்தது. 6,000 அடி நீளம். மவுண்ட் ரோடு எல்பின்ஸ்டன் தியேட்டரில் ஓடி, பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் வரை போய் 50,000 ரூபாய் வசூலித்தது. இன்றைக்கு அதில் ஓர் அடி பிலிம்கூட எந்தக் காப்பகத்திலும் இல்லை.

நானும் வேலூர்க்காரன். நூலகமொன்றில் பழைய பத்திரிகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் படத்தைத் தேடுவது என் வாழ்க்கையின் பெரிய ஆசை. ஆராய்ச்சி மாணவர்களும் சினிமா ஆர்வலர்களும் அடிக்கடி என்னிடம் கேட்பது, ‘எங்கேயிருந்து ஆரம்பிப்பது ஐயா?’ என்பதுதான். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். ‘கீசக வத’த்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு எந்த மௌனப்படத்தைத் தேடினாலும் வழி ஏறக்குறைய இதுவே.

படத்தைத் தேடாதீர்கள், பிரிண்டைத் தேடுங்கள்

ஒரு படத்துக்கு ஒரு நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடிய மூலப் பிலிம். அதிலிருந்து தியேட்டரில் ஓட்டுவதற்குப் பல பிரிண்டுகள். ஒவ்வொரு பிரிண்டும் தனித்தனியாக ஊர் சுற்றியது. ஒன்று ரங்கூனில் கிழிந்திருக்கும், ஒன்று யாழ்ப்பாணத்தில் எரிந்திருக்கும், ஒன்று எங்கோ ஒரு கிடங்கில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ‘படம் என்ன ஆனது?’ என்று கேட்டால் பதில் வராது. ‘எத்தனை பிரிண்ட் போட்டார்கள், ஒவ்வொன்றையும் யார் வாங்கினார்கள், கடைசியாக எந்த ஊரில் ஓடியது?’ என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் இருக்க வாய்ப்பு உண்டு.

அந்தக் காலத்தில் பிரிண்ட் வெளியே போகும், பெரும்பாலும் திரும்பி வராது. ஓடி ஓடித் தேய்ந்த பிரிண்டுக்குக் கப்பல் கூலி கொடுத்து யார் திருப்பி வாங்குவார்கள்? அதனால் உலகம் முழுக்கத் தொலைந்த படங்கள் கிடைத்த இடங்களைப் பார்த்தால், பல சமயம் அது விநியோகப் பாதையின் கடைசி ஊராக இருக்கிறது. கனடாவின் வடகோடியில் டாசன் நகரத்தில் 1978இல் மண்ணைத் தோண்டியபோது 533 ரீல்கள் வெளிவந்தன. அதற்கு அப்பால் படம் போக ஊர் இல்லை என்பதால் அங்கேயே புதைத்துவிட்டார்கள். நியூசிலாந்தில் இருந்த 75 அமெரிக்கப் படங்கள் 2010 வாக்கில் அமெரிக்காவுக்குத் திரும்பின. 1919இல் கல்கத்தாவில் மதன் கம்பெனி எடுத்த ‘பில்வமங்கள்’ பாரிஸில் சினிமாதெக் பிரான்சேஸ் காப்பகத்தில் இருந்தது. 594 மீட்டர் மட்டும்தான் மிச்சம். அதன் டிஜிட்டல் பிரதி 2016இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்தது.

மயிலாப்பூரில் தேடுவதைவிட பர்மாவின் மோல்மீனில் தேடுவது பலன் தரும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் மோல்மீனுக்குப் போகும் முன் உள்ளூரில் செய்ய வேண்டிய வேலை நிறைய.

முதலில் ஆண்டைப் பிடியுங்கள்

‘கீசக வதம்’ வெளியான ஆண்டு என்று 1916, 1917, 1918 மூன்றும் புத்தகங்களில் இருக்கின்றன. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டதால் தப்பும் சரியும் சேர்ந்தே பெருகிவிட்டன. ஆண்டு தெரியாமல் பத்திரிகைக் கட்டைப் பிரித்தால், மூன்று வருஷப் பக்கங்களையும் புரட்ட வேண்டியிருக்கும். கண் கெட்டுவிடும். அதனால் முதலில் சுற்றியுள்ள தகவல்களை வைத்து வட்டத்தைச் சுருக்குங்கள்.

எப்படி என்று செய்து காட்டுகிறேன். ஸ்டுடியோ தொடங்கியது 1917. அப்படியானால் 1916 போய்விட்டது. அடுத்து டைட்டில் கார்டு, அதாவது பேச்சையும் கதையையும் திரையில் எழுத்தாகக் காட்டும் அட்டை. தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் கார்டுகள் போட்டிருக்கிறார் முதலியார். இந்தி கார்டுகளை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி என்கிறது வரலாறு. தேவதாஸ் பிறந்தது 1900இல். தென்னாட்டில் இந்தி கற்பிக்கக் காந்தி அவரைச் சென்னைக்கு அனுப்பியது 1918இல். அந்தக் கார்டுகள் உண்மையிலேயே அவர் எழுதியவை என்றால், சென்னையில் இருந்தபோது எழுதினார் என்று எடுத்துக்கொள்வதே இயல்பு. அப்போது 1918 பக்கம் தராசு சாய்கிறது.

சரி, முடிந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் பிரிண்ட் கணக்கு மறுபடி வருகிறது. தென்னாட்டில் முதலில் ஓடிய பிரிண்டில் இந்தி கார்டு எதற்கு? தமிழும் ஆங்கிலமும் போதுமே. வடக்கே அனுப்பும் பிரிண்டுக்குத்தான் இந்தி தேவை. முதல் வெளியீடு 1917இன் கடைசியிலும், இந்தி பிரிண்ட் 1918இலும் இருந்திருக்கக்கூடும். அதாவது தேவதாஸ் தரும் சாட்சி ஒரு பிரிண்டின் வயதுக்கு. படத்தின் வயதுக்கு அல்ல. இந்த வித்தியாசத்தை எப்போதும் மனதில் வையுங்கள். நான் பத்திரிகையைப் புரட்டுவதானால் 1917 கோடையிலிருந்து 1918 டிசம்பர் வரை புரட்டுவேன். மூன்று வருஷம் ஒன்றரை வருஷமாகக் குறைந்துவிட்டது பாருங்கள்.

தமிழ் நோட்டீசுகளில் சில சமயம் ஆங்கில ஆண்டே இருக்காது; வருஷப் பெயர் மட்டும் இருக்கும். 1916 சித்திரையில் தொடங்கியது நள வருஷம், 1917இல் பிங்கள, 1918இல் காளயுக்தி, 1919இல் சித்தார்த்தி. ‘பிங்கள வருஷம் தை மாதம்’ என்று பார்த்தால் அது 1918 ஜனவரி–பிப்ரவரி, 1917 அல்ல. தை, மாசி, பங்குனி மூன்றிலும் இந்தக் குழப்பம் வரும். புத்தகங்களில் ஓராண்டு முன்னே பின்னே கிடப்பதில் ஒரு பங்கு இதனால் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

காகிதம் எங்கே இருக்கிறது

நாளிதழ்களில் இருந்து தொடங்குங்கள். தமிழில் ‘சுதேசமித்திரன்’, ஆங்கிலத்தில் ‘தி இந்து’, ‘மெட்ராஸ் மெயில்’. செய்திப் பக்கத்தைவிட விளம்பரப் பக்கம் முக்கியம். அன்றைக்குப் படத்துக்கு விமர்சனம் எழுதுவது அபூர்வம். ஆனால் தியேட்டர் விளம்பரத்தில் என்ன படம், எத்தனை ரீல், எத்தனை மணிக்கு ஆட்டம் எல்லாம் இருக்கும். தேடும்போது ஒரே சொல்லை நம்பாதீர்கள். சினிமா என்ற சொல்லே அப்போது நிலைபெறவில்லை. பயாஸ்கோப், சினிமாடோகிராப், சலனப்படம், படக்காட்சி என்று பலவாறு இருக்கும். கணினியில் தேடினால் பழைய தமிழ் எழுத்துரு தகராறு செய்யும். ணை, லை, னை, றா, னா போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தைப் பல தேடுபொறிகள் தப்பாகப் படிக்கின்றன. கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை. ஒரு நாளில் ஒரு மாதத்து நாளிதழ்களுக்கு மேல் பார்க்காதீர்கள். அதற்கு மேல் பார்த்தால் எதிரே இருப்பதே தெரியாது.

எங்கே போவது? தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகம், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. வேறு யாரும் குப்பை என்று எறிந்த துண்டுக் காகிதங்களை அவர் பாதுகாத்தார். நம் மாதிரி ஆட்களுக்கு அந்த மனுஷர் செய்தது பெரிய உபகாரம். அப்புறம் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா பொது நூலகம். ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது கோப்பு எண் தெரியாமல் போனால் நாள் வீணாகும். முதலில் அங்கேயே அட்டவணைத் தொகுதிகளை வாங்கி, ‘சினிமாடோகிராப்’ என்ற தலைப்பில் ஆண்டுவாரியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலரும் போகாத மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கம்பெனிப் பதிவு. இந்தியா பிலிம் கம்பெனி ‘லிமிடெட்’ கம்பெனி. 1913ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பங்குதாரர் யார் என்பதுதான் இதில் நமக்கு வேண்டியது. பங்குதாரரின் வாரிசு வீட்டில்தான் படங்களும் கடிதங்களும் இருக்க வாய்ப்பு. நடிகர்கள் ராஜு முதலியார், ஜீவரத்தினம் இருவரின் பெயரும் நமக்குத் தெரியும். ஆனால் பணம் போட்டவர்களின் வழியாகப் போனால் தடயம் நீளும்.

இரண்டு, தெருவாரி டைரக்டரி. அசைலம் பிரஸ் அல்மனாக் என்று ஆண்டுதோறும் வந்த தடித்த புத்தகத்தில் சென்னை நகரத் தெருக்களில் யார் எங்கே இருந்தார்கள் என்று இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் ஸ்டுடியோ எப்போது வந்தது, எப்போது போனது என்று புரியும்.

மூன்று, தணிக்கை. சினிமாடோகிராப் சட்டம் 1918இல் வந்தாலும் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் வாரியங்கள் வேலை தொடங்கியது 1920இல்தான். ‘அதற்கு முன் வந்த படம்தானே, பதிவு இருக்காது’ என்று விட்டுவிடாதீர்கள். 1920க்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால் பழைய படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். ஆகவே 1920 முதல் சில ஆண்டுகளுக்கு நான்கு வாரியங்களின் பட்டியல்களிலும் தேட வேண்டும். பம்பாய் பட்டியலில் படத்தின் நீளம் அடிக்கணக்கில் இருக்கும். ரங்கூன் பட்டியலில் பெயர் இருந்தால் ஒரு பிரிண்ட் அங்கே உயிரோடு இருந்தது என்று அர்த்தம். 1927–28இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சினிமா விசாரணைக் குழு ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் வாங்கியது. அந்தத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தியேட்டர் முதலாளிகளும் விநியோகஸ்தர்களும் யார் யாரிடம் படம் வாங்கினோம் என்று வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் படிக்கச் சுவை.

கோர்ட் கட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற 1933ஆம் ஆண்டு மௌனப்படம் இன்றைக்கு இருக்கிறது என்றால் அதற்கு ஒரு வழக்குதான் காரணம். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டு, படம் ஓடாமல் முடங்கி, பிரிண்ட் பதிப்பகத்தின் கைக்குப் போய்விட்டது. திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போவிலிருந்து 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிக்கொண்டது. ஓடி ஜெயித்த படங்கள் தேய்ந்து அழிந்தன. வழக்கில் சிக்கிய படம் பிழைத்தது. கடன், பாகப்பிரிவினை, உரிமைத் தகராறு என்று எது நடந்திருந்தாலும் அந்தக் கட்டைத் தேடுங்கள்.

கடல் கடந்து தேடுவது

நடராஜ முதலியாரின் படம் ஓடிய ஊர்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்தான் மிகச் சுலபம். அந்நாட்டுத் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, ‘மலாயா டிரிப்யூன்’ பார்க்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் நூறு விதம் இருக்கும் என்பதால் படப் பெயரை மட்டும் தேடாதீர்கள். ‘மகாபாரதம்’, ‘திரௌபதி’, ‘இந்தியப் படம்’, ‘மதராஸ்’ ஆகியவற்றையும் தியேட்டர் பெயர்களையும் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். இலங்கைக்குக் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகம். பர்மா பத்திரிகைகளுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகம் நல்ல வழி.

காட்சிக்காரர்களின் பாதையும் தெரிய வேண்டும். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் வெரைட்டி ஹால் கட்டினார். சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டர் கட்டியதும் அதே 1914தான். இப்படிப்பட்டவர்களின் கணக்குப் புத்தகம், வாடகை ரசீது எது கிடைத்தாலும் அதில் படப் பெட்டி எங்கே போனது என்று இருக்கும். பிலிம் ஓடிய காலம் வரை தியேட்டர்காரர்கள் ‘பெட்டி வந்துடுச்சா?’ என்றுதான் கேட்டார்கள். அந்தப் பெட்டியின் ரயில் ரசீது ஒன்று கிடைத்தால் எனக்குத் தங்கம் கிடைத்த மாதிரி.

வெளிநாட்டுக் காப்பகங்களுக்கு எழுதும்போது படப் பெயரைச் சொல்லி ‘இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வரும். பெயர் தெரியாத பிரிண்டுக்கு அவர்கள் எப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்? ‘இந்தியப் புராணப் படம், அடையாளம் தெரியவில்லை, இரண்டு ரீல்’ என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். ஆகவே அடையாளம் தெரியாத இந்தியப் படங்களின் பட்டியலைக் கேளுங்கள். கூடவே கதைச் சுருக்கத்தையும் கையில் உள்ள எல்லாத் தகவலையும் ஒரே பக்கத்தில் அனுப்புங்கள்.

வீடுகளில் கேட்பது

குடும்பத்தாரிடம் போகும்போது, ‘பிலிம் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். இல்லை என்பார்கள்; உண்மையாகவே தெரியாது. ‘தாத்தா உபயோகித்த டிரங்குப் பெட்டி, பழைய கல்யாண ஆல்பம், கடை கணக்கு நோட்டு ஏதாவது பரணில் இருக்கிறதா அம்மா?’ என்று கேளுங்கள். வயதானவர்களிடம் பேசும்போது அவசரப்படாமல், அவர்கள் எதைச் சொல்ல விரும்புகிறார்களோ அதை முழுக்கக் கேளுங்கள். எதையும் இரவல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, அவர்கள் கண்ணெதிரே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். போட்டோவின் பின்பக்கம் எடுக்க மறக்க வேண்டாம். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். முதலியார் 1971 வரை வாழ்ந்தவர். அவரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இந்த வேலையை இன்றே தொடங்குவது நல்லது.

பிலிம் டப்பா கிடைத்துவிட்டால்

இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

மௌனப்படக் காலத்து 35 எம்எம் பிலிம் நைட்ரேட். செல்லுலோஸ் நைட்ரேட் தீப்பிடித்தால் அணைக்க முடியாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். புகை விஷம். கெட்டுப்போன பிலிம், நம் ஊர் வெயிலில் சுமார் 40 டிகிரி சூட்டில் நாள்கணக்காகக் கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடியது. 2003இல் புனேயில் நைட்ரேட் கிடங்கு எரிந்து நம் பழைய படங்கள் பல போயின. காப்பகத்திலேயே இப்படி என்றால் வீட்டுப் பரணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டப்பாவை வீட்டுக்குள் திறக்கவே கூடாது. நிழலான, காற்றோட்டமுள்ள வெளித் திண்ணையோ கொட்டகையோ வேண்டும். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. திறந்தால் முதலில் மூக்கு வேலை செய்ய வேண்டும். ஆனால் முகத்தை டப்பாவுக்குள் விடாதீர்கள். காரமான அமில நெடி வந்தால் கெட்டுக்கொண்டிருக்கும் நைட்ரேட். வினிகர் நெடி வந்தால் அது அசிடேட். பிற்காலத்தில் போட்ட பிரதியாக இருக்கலாம், தீ அபாயம் குறைவு. வினிகர் நெடி என்றதும் மனம் தளர வேண்டியதில்லை. பழைய படத்தைப் பிற்காலத்தில் 16 எம்எம்முக்கு மாற்றியிருந்தாலும் நமக்கு லாபமே.

பிலிமின் ஓரத்தில் எழுத்துத் தேடுங்கள். ஆங்கிலத்தில் நைட்ரேட் என்றோ சேஃப்டி (அசிடேட்) என்றோ அச்சிட்டிருக்கும். ஈஸ்ட்மன் கோடக் பிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகள் இருக்கும். அவை தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் 20 ஆண்டுக்கு ஒரு முறை அதே குறி திரும்ப வரும் என்பதால் மற்ற ஆதாரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிரிண்டின் ஓரத்தில் நெகட்டிவின் குறியும் சேர்ந்து பதிவாகியிருக்கலாம். இரண்டு குறி இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று படம் எடுத்த காலம், மற்றது பிரிண்ட் போட்ட காலம்.

எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குப் படிகள் உண்டு. முதலில் உருவம் மங்கிப் பழுப்பேறும். அப்புறம் பிசுபிசுத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு நுரைத்துக் கொப்பளிக்கும். அடுத்து கெட்டியான கட்டியாகும். கடைசியில் பழுப்புத் தூள். முதல் இரண்டு படிகளில் இருந்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. கொப்பளம் தெரிந்தால் தொடாதீர்கள். தூளாகியிருந்தால் எல்லாரையும் விலக்கிவிட்டு, தீயணைப்புத் துறைக்கும் காப்பகத்துக்கும் உடனே சொல்லுங்கள். அந்தத் தூள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

ஒட்டிய சுற்றைப் பிரிக்காதீர்கள். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம், பல் கொக்கி ஒன்று இழுத்தாலே முப்பதடி கிழியும். தீக்குச்சியால் சோதிப்பதாக யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள். சுத்தமான பருத்தி உறையை மாட்டிக்கொண்டு, தானாகக் கழன்று வரும் முதல் சில அடிகளை மட்டும் வானத்துக்கு எதிரே பிடித்துச் செல்போனில் படம் எடுங்கள். டேப் ஒட்டி டப்பாவைக் காற்றுப்புகாமல் மூடாதீர்கள். வாயு வெளியேற இடம் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். கூரியரிலோ ரயிலிலோ பஸ்ஸிலோ அனுப்பவே கூடாது. ஆட்களை வரச் சொல்ல வேண்டும். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், மும்பை பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் இரண்டுக்கும் போட்டோவோடு எழுதுங்கள்.

அதுவரை நீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 எம்எம்மில் ஓர் அடிக்கு 16 கட்டம் (ஃபிரேம்). பத்து அங்குல விட்டமுள்ள முழுச் சுருள் என்றால் ஏறக்குறைய 1,000 அடி. மௌனப்படத்தைக் கையால் சுற்றி, நொடிக்கு 16 கட்டம் என்ற வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு ஓர் அடி. ஆகவே 1,000 அடி 16 நிமிஷம் 40 விநாடி. 6,000 அடி சரியாக நூறு நிமிஷம். ‘கீசக வதம்’ ஆறு ரீல் படம் என்பது இதிலிருந்து தெரியும். உங்களுக்கு இரண்டு டப்பா கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு. அதுவே போதும், ஊரைக் கூட்டலாம்.

இது அந்தப் படம்தானா?

ஆர்வத்தில் கண் மறைக்கும் இடம் இது. கீசகன் கதையை நம்மவர் மட்டும் எடுக்கவில்லை. கோலாப்பூரில் பாபுராவ் பெயிண்டர் 1920இல் ‘சைரந்திரி’ எடுத்தார். அதுவும் கீசகனைப் பீமன் கொல்லும் கதையே. ஆகவே விராடன் சபை, பணிப்பெண் வேஷத்தில் திரௌபதி, மடைப்பள்ளியில் பீமன், இருட்டில் நடன சாலை, கழுத்தை நெரித்துக் கொலை என்று காட்சிகள் வந்தாலும் முடிவுக்கு வரக் கூடாது.

நான் முதலில் பார்ப்பது டைட்டில் கார்டு. தமிழ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லையென்றால் வெளிச்சம். வெள்ளைத் துணிக் கூரையின் கீழ் எடுத்த காட்சியில் நிழல் மென்மையாக, எல்லாப் பக்கமும் சமமாக விழும். திறந்த வெளியில் கரிய கூர்மையான நிழல். ஆனால் அந்தக் கால ஸ்டுடியோக்கள் பலவும் துணி கட்டியிருந்ததால் இதை உறுதிச் சான்றாக வைக்க முடியாது. அதைவிட நம்பகமானவை உடையும் நகையும். நம் நாடகக் கம்பெனிக் கிரீடத்தையும் தோள்வளையையும் மராட்டிய நாடக உடுப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். புடவைக் கட்டைப் பழைய நாடகம் பார்த்த ஒரு பாட்டியிடம் காட்டினால் நொடியில் சொல்லிவிடுவார். பின்னால் இருப்பது வரைந்த திரைச்சீலையா, தென்னந்தோப்பா, நிஜக் கோயில் மண்டபமா என்பதையும் பாருங்கள். கோயில் தூண் ஒன்று தெரிந்தால் கல்வெட்டு, சிற்பக்கலை தெரிந்தவர்கள் ஊரையே சொல்லிவிடுவார்கள்.

முதலியாரின் அடுத்த படங்களையும் மறக்காதீர்கள். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவ குசா’, ‘மார்க்கண்டேயா’ என்று தொடர்ந்து எடுத்தார். அவையும் இல்லை. பிலிமைப் பதப்படுத்த பெங்களூரில்தான் லேப் வைத்திருந்தார்; குளிர்ச்சி வேண்டும் என்பதற்காக. தீவிபத்தும் மகனின் மரணமும் சேர்ந்து 1923 வாக்கில் அவரை இந்தத் தொழிலை விட்டே விலகச் செய்தன. ‘கீசக வதம்’ என்று நினைத்துக் கையில் எடுத்தது ‘திரௌபதி வஸ்திராபகரண’மாக இருந்தால் அதுவும் பொக்கிஷமே. பெயரை அவசரப்பட்டு ஒட்டாமல், ‘இன்னின்ன காட்சிகள், இன்னின்ன கார்டுகள்’ என்று மட்டும் எழுதி வையுங்கள்.

எழுதி வைப்பது

இந்தியாவில் மௌனப்பட யுகத்தில் 1,300க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. துண்டாகவோ முழுதாகவோ மிஞ்சியவை சுமார் 30. இந்த நிலையில் ஒரு சின்னத் தகவலும் வீணாகக் கூடாது. பார்த்த ஒவ்வொரு இதழுக்கும் தேதி, பக்கம், எந்த நூலகம், எந்த மைக்ரோபிலிம் சுருள் என்று எழுதுங்கள். எதுவும் இல்லாத இதழையும் எழுத வேண்டும். ‘சுதேசமித்திரன் 1917 செப்டம்பர் முழுக்கப் பார்த்தேன், இல்லை’ என்ற ஒரு வரி, உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு ஒரு நாள் உழைப்பை மிச்சம் பண்ணும். எங்கள் நூலகத்தில் தேடி வந்தவர்களில் இதை எழுதிவிட்டுப் போனவர்கள் மிகக் குறைவு. அதனால் அடுத்தவரும் அதே கட்டைத் திரும்பப் பிரித்தார்.

உரிமை பற்றிப் பயப்பட வேண்டாம். நம் சட்டப்படி சினிமாப் படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. 1920களின் படங்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. ஆனால் குடும்பத்தார் கொடுத்த போட்டோவுக்கு அவர்கள் பெயரைப் போடுவதும், அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதும் மரியாதை.

குறிப்பேடு நிரம்பியதும் ஒரு நகலை ரோஜா முத்தையா நூலகத்துக்கும், ஒரு நகலைப் புனேக்கும் அனுப்புங்கள். ஸ்கேன்களை 600 டிபிஐயில் எடுத்து, கோப்பின் பெயரிலேயே இதழ், தேதி, பக்கம் மூன்றும் வரும்படி சேமியுங்கள்.